நாற்பத்தோராவது பெயர்

1-7-2024, திங்கட்கிழமை

இன்று முற்பகல் 11.20க்குத் தாரணி என்ற பெண்மணி வீட்டுக்கு வந்தார். வருவதாகச் சொன்ன நேரம் 11.00. புதிதாகத் தொடங்கவிருக்கும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் மேற்கு மண்டல ஒருங்கிணைப்பாளர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கலாம்.

பணி பின்வருமாறு. கோவை முகாமுக்குத் தொண்ணூற்றாறு வீரர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்து மதிப்பெண் இட்டு, தரவரிசையில் முதல் நாற்பது பெயர்களை 19ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நான் அனுப்ப வேண்டும். 21ஆம் தேதி ஆறு அணிகளின் உரிமையாளர்களும் மேடையில் அமர்ந்து, முறைவைத்து ஒவ்வொருவராக அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நாற்பதுக்குள் வராதவருக்கு மேடைக்கு அழைப்பு கிடையாது. 1-7-2002க்கு முன் பிறந்தவருக்குப் பட்டியலிலேயே இடம் கிடையாது.

"பொறப்பு சர்டிபிகேட்டெல்லாம் நீங்களே ஒருக்கா பாத்துருங்க சார். தேதி விஷயத்துல உங்கள யாரும் ஏமாத்த முடியாதுன்னாங்க."

"யார் சொன்னது?"

"எல்லாருந்தானுங்க."

சமையலறையிலிருந்து மங்கை குரல் கொடுத்தாள். "காப்பி ஆறுதுங்க. டம்ளர்ல தேதி எழுதி ஒட்டி வெக்கட்டுங்களா?" தாரணி சிரித்தார். என் மனைவிக்கு விருந்தாளி முன்னிலையில் பேசும் முறை ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகக் கைவரவில்லை.

ஒப்புக்கொண்டேன். நான் புள்ளியியல் துறையில் முப்பத்துநான்கு ஆண்டு பணியாற்றியவன். 1979 முதல் மாநில இளையோர் கூடைப்பந்துத் தேர்வுக் குழுவின் செயலாளராகவும் இருந்தேன். 1988 மே மாதத்தில் விலகினேன். காரணம் உடல்நிலை.

4-7-2024, வியாழக்கிழமை

சான்றிதழ்களைச் சரிபார்த்தேன். தொண்ணூற்றாறு பேர் ஆண்டு முழுவதும் பரவலாகப் பிறந்திருந்தால் மே, ஜூன் மாதங்களில் பதினாறு பேர் பிறந்திருக்க வேண்டும். இருப்பதோ முப்பத்தொருவர்.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் பிறந்து, பதிவாகாமல் வளர்ந்த பிள்ளையை ஜூன் மாதம் பள்ளிக்கு அழைத்து வருவார்கள். தலைமையாசிரியர் அதன் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று பொருள். ஐந்தைக் கழித்து ஏதாவதொரு ஜூன் முதல் தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தேதியோடுதான் அந்தப் பிள்ளை பிறகு வேலைக்குப் போகும், மணம் முடிக்கும், ஓய்வு பெறும்.

இதை மங்கைக்கு விளக்கினேன்.

"எனக்கெதுக்குங்க சொல்றீங்க? உங்களுக்கே ஜூன் ஒண்ணுதானே. உங்கம்மா நீங்க தைப்பூசத்துக்கு மறுநா பொறந்தீங்கன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

என் பிறந்த தேதி 1-6-1947. அரசுப் பதிவேட்டில் உள்ளதே தேதி.

8-7-2024, திங்கட்கிழமை

முகாம் முதல் நாள். உள்ளரங்கம். மேசையும் மின்விசிறியும் கொடுத்திருக்கிறார்கள். மின்விசிறி என் தாள்களைப் பறக்கவிடுகிறது.

மேசையின் வலப்புறம் மாற்று ஆட்டக்காரருக்கான நாற்காலி. உள்ளே இறங்க விரும்புகிறவர் அதில் வந்து அமர்ந்து பதிவாளரிடம் பெயர் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றதும் பதிவாளர் ஒலிப்பானை அழுத்த வேண்டும். அழுத்தாதவரை அவர் அமர்ந்தே இருக்க வேண்டும்; விதி அப்படி.

பிற்பகல் 3.40க்கு ஒருவர் வந்து அமர்ந்தார். மெரூன் நிறப் பனியன், எண் 14. முகாமில் கொடுத்திருப்பதோ மஞ்சளும் நீலமும். பெயர் கேட்டேன். பதில் இல்லை. முழங்கைகளைத் தொடைமீது ஊன்றி ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீண்டும் தலையை எண்ணினேன். தொண்ணூற்றேழு வந்தது.

தாரணியை அழைத்து, பதிவு செய்யாதவர்களை அரங்கத்துக்குள் அனுமதிக்கலாகாது என்று கண்டித்தேன்.

"யாருங்க சார்?"

"அந்த நாற்காலியில்."

"அதுல உங்க பை இருக்குதுங்க சார்."

இடக்கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்தேன். அதனால் இருக்கலாம்.

9-7-2024, செவ்வாய்க்கிழமை

குழாயில் சிறுவாணித் தண்ணீர் ஒன்பதாம் நாளும் வரவில்லை. எண் 14 வந்தார்.

10-7-2024, புதன்கிழமை

மதிப்பெண் முறையைப் பதிவு செய்கிறேன்: எறிதல் 30, தடுப்பாட்டம் 25, கால் நகர்வு 15, பந்துக் கட்டுப்பாடு 20 (வலக்கைக்குப் பத்து, இடக்கைக்குப் பத்து), ஆட்ட அறிவு 10. உயரத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. உயரமாகப் பிறப்பது திறமையன்று.

ஆயினும் இன்று ஒருவரைக் கண்டேன். ஜெபசீலன், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். உயரம் 197 செ.மீ. பந்து அவர் கையிலிருந்து கிளம்பும்போது மற்ற ஒன்பது பேரும் நின்று பார்க்கிறார்கள். தடுக்க வேண்டியவர் உட்பட. இதுவரை நூற்றுக்கு 91. இரண்டாமிடத்தில் இருப்பவருக்கு 83.

பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-2002. வரம்பை முப்பது நாள் தாண்டுகிறார்.

மதிய இடைவேளையில் அழைத்துக் கேட்டேன்.

"தம்பி, உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது காதைத் தொடச் சொன்னார்களா?"

"ஞாபகமில்லீங்க சார்."

"வீட்டில் கேட்டுப் பார். பிறப்புக்கு வேறு பதிவு ஏதேனும் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமாயிற்றே, கோயில் பதிவேடு இருக்குமல்லவா? 18ஆம் தேதிக்குள் கொண்டு வா."

சற்று நேரம் என்னையே பார்த்தார். "கொண்டாந்தா எடுத்துக்குவீங்களா சார்?"

"பரிசீலிக்கப்படும்" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னதும் வலப்புறம் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஹக்கீம் என்ற உக்கடத்து இளைஞரும் குறிப்பிடத்தக்கவர். உயரம் 171 செ.மீ. மட்டுமே. வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து கையை உயர்த்தினார். "சார், என்னைய எண்ணிட்டீங்களா? முன்னாடி இந்தத் தென்னமரம் நிக்குதுங்க." அனைவரும் சிரித்தனர். பிறந்த தேதி 8-8-2002, மாநகராட்சிச் சான்றிதழ், பழுதில்லை. அடுத்த ஆண்டு வரம்பு ஓராண்டு நகர்ந்துவிடும். இவருக்கு இந்த முகாம் ஒன்றுதான். தற்போது நாற்பதாமிடம், ஜெபசீலனைச் சேர்க்காத கணக்கில்.

12-7-2024, வெள்ளிக்கிழமை

எண் 14 யார் என்பதை எழுதிவிடுவது முறை. அ. இருளப்பன், அருப்புக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூர். 1986 டிசம்பரில் மாநில இளையோர் அணிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த பன்னிருவரில் முதலாவதாக நான் எழுதிய பெயர். அவ்வாண்டு பிறப்பு வரம்பு 1-7-1968. அவருடைய பள்ளிச் சான்றிதழில் 1-6-1968.

என் மேசைக்கு எதிரே நின்று பேசினார்.

"சார், அது வாத்தியார் போட்ட தேதி சார். ஐப்பசி அடமழையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். எங்க கிளாஸ்ல பாதிப்பேத்துக்கு இதே தேதிதான். பாதிக் கிளாஸும் ஒரே நாள்லயா சார் பொறந்திருக்கும்?"

கிராமப் பிறப்புப் பதிவேட்டின் நகலை டிசம்பர் 11, வியாழன் நண்பகலுக்குள் அளித்தால் பரிசீலிக்கப்படும் என்று எழுத்து மூலம் தெரிவித்தேன். நகல் பதிவுத் தபாலில் வந்தது. டிசம்பர் 12, வெள்ளி. அதில் பிறந்த தேதி 9-11-1968. ஆனால் அணி முந்தைய நாள் மாலையே, அவருக்குப் பதில் வேறொருவருடன், ரயிலேறிவிட்டது. என் தரப்பில் பிழையில்லை.

அந்த அணியில் ஆடியவர்களில் எழுவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தது. இருளப்பன் பட்டாசு ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போனதாகக் கேள்வி. அவரைப் பற்றி நான் விசாரித்ததில்லை. அந்த ஆலையில் வெடிவிபத்து நடந்தது 6-5-1988, வெள்ளிக்கிழமை, காலை 10.15.

14-7-2024, ஞாயிற்றுக்கிழமை

முகாமுக்கு விடுமுறை. காலை முழுவதும் கணக்கிட்டேன். ஒன்று புலப்பட்டது. அதை முறையாக எழுத வேண்டும்.

வீரர்கள் அனைவரின் கைவீச்சையும் அளந்து வைத்திருக்கிறோம். அதாவது, இரு கைகளையும் விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள நீளம். உயரத்தைவிடக் கைவீச்சு எட்டு செ.மீ.க்கு மேல் கூடியவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுள் பதின்மூவர் மே, ஜூன் தேதிக்காரர்கள்.

காரணம் எளிது. கை நீளமான பிள்ளை நான்கரை வயதிலேயே காதைத் தொட்டுவிடுகிறது. ஐந்து முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். எந்தக் கை பின்னாளில் ஒருவனைக் கூடைப்பந்து வீரனாக்குகிறதோ, அந்தக் கையே அவனுக்கு வயதைக் கூட்டி எழுத வைத்து வெளியே நிறுத்துகிறது. நாற்பது ஆண்டுகளாகத் தேர்வுக் குழுக்களில் யாரும் இதைக் கவனித்ததில்லை. நானும்.

இருளப்பனின் உயரம் 188, கைவீச்சு 201. ஜெபசீலன் 197, 212.

மங்கையிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கணக்குத்தானுங்க. இத்தன வருசங்கழிச்சு வருது" என்றாள். தோலை ஊதித் தள்ளினாள்.

15-7-2024, திங்கட்கிழமை

தண்ணீர் வந்தது. எண் 14 காலையிலேயே வந்துவிட்டார். நான் பையைத் தரையில் வைத்துக்கொள்கிறேன்.

16-7-2024, செவ்வாய்க்கிழமை

பிற்பகல் 1.10க்கு ஜெபசீலன் தம் தாயாருடன் வந்தார். ரூத்மேரி, வயது நாற்பத்தைந்து சொல்லலாம், கொழுந்து பறிப்பவர். கையில் பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறந்த தேதி 19-9-2002.

"ஐயா, வேதக்கோயில் பொஸ்தகத்துல இருக்கறதுதான் சரியான தேதி. பள்ளிக்கூடத்துல காதத் தொடச் சொன்னாங்க. இவனுக்குக் கை நீளமுல்ல, தொட்டுட்டான். எழுதிட்டாங்க."

ஜெபசீலன் தம் காலணி நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொழுந்துக் கூடையோட நின்னு பெத்த புள்ளைங்கய்யா. தேதியெல்லாம் அன்னிக்கு யாரு பாத்தா?" என்றவர், குரலை இறக்கினார். "இவன் கேட்டான்னுதான் வாங்கியாந்தோம். நீங்க கேட்டீங்கன்னான்."

"நான் கேட்டேன்" என்றேன். "சரியாகத்தான் கொண்டு வந்திருக்கிறீர்கள்."

அவர்கள் உறையை என்னிடமே விட்டுச் சென்றனர். உள்ளே வீட்டுக் காகிதங்கள் எல்லாம் இருந்தன. ரேஷன் அட்டையின் நகல். ஜெபசீலனின் தங்கை ஷாலினியின் பிறப்புச் சான்றிதழ்: அரசு மருத்துவமனை, 28-4-2003.

ஒரு தாளில் கழித்துப் பார்த்தேன். இரு பிறப்புகளுக்கும் இடையே 221 நாள்.

பிற்பகல் ஆட்டத்தில் ஜெபசீலன் பதினொரு எறிதலில் பத்தைக் கூடையில் சேர்த்தார்.

17-7-2024, புதன்கிழமை

அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டது என் தவறு.

"இதென்னங்க எரநூத்தி இருவத்தொண்ணு?"

சொன்னேன். குறைமாதப் பிறப்புகள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன என்பதையும் சொன்னேன்.

"செப்டம்பர்ல மூத்தது, சித்திரையில எளையது. ஏழு மாசத்துல அடுத்ததுங்களா? மூணு பெத்தவகிட்டயே கணக்கு சொல்றீங்க. அந்தப் பையன் ஜூன்லதான் பொறந்திருக்கான். அதுக்கும் முன்னாடி பொறந்திருந்தாலும் பொறந்திருப்பான்."

"கை நீளம் 212, மங்கை."

"கை நீளமா இருந்தா? வாத்தியாரு ஒருத்தருக்காவது சரியா எழுதியிருக்க மாட்டாருங்களா?"

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே தொடர்ந்தாள். "நீங்க யாருக்காகச் செய்யறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? அன்னிக்கு அந்தத் தபாலப் பிரிச்சிருந்தா இன்னிக்கு இந்தப் பாடு இல்ல."

"தபால் 12ஆம் தேதி வந்தது."

"கையெழுத்துப் போட்டு வாங்குனவ நானுங்க. செவ்வாக்கெழம. வளையக்காரம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க, ஒரு கையில வளையலோடதான் போட்டேன். ரண்டு நாளு உங்க மேச மேலயே கெடந்துச்சு. என்ன வந்திருக்கு பாருங்கன்னேன். 'பட்டியல் டைப் ஆயிடுச்சு, பன்னண்டு காப்பி போட்டாச்சு, இனிமே ஒரு பேர அடிச்சா அசிங்கமா இருக்கும்'னீங்க."

மங்கைக்கு நினைவாற்றல் அதிகம்.

திருத்தம்: 12-7-2024 தேதியிட்ட குறிப்பில் "டிசம்பர் 12, வெள்ளி" என்றிருப்பதை "டிசம்பர் 9, செவ்வாய்" என்று வாசிக்கவும். "என் தரப்பில் பிழையில்லை" என்னும் வாக்கியம் குறித்துப் பின்னர் முடிவு செய்யப்படும்.

18-7-2024, வியாழக்கிழமை

முகாம் நிறைவு. பதிவேட்டில் இல்லாத தொண்ணூற்றேழாமவர் எல்லோரும் போன பின்னும் அமர்ந்திருந்தார்.

19-7-2024, வெள்ளிக்கிழமை

பட்டியல் அனுப்பப்பட்டது. மாலை 4.58.

என் நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறேன். சமயப் பதிவேடு பள்ளிப் பதிவேட்டுக்கு முந்தையது; முந்தைய ஆவணத்துக்கே மதிப்பு அதிகம். கைநீளம் குறித்த என் ஆய்வு அதற்குத் துணை நிற்கிறது. உடன்பிறந்தாரின் பிறப்பு இடைவெளி குறித்துக் கருத்துரைக்குமாறு லீக் என்னைக் கேட்கவில்லை. ஆகவே ஜெபசீலனின் பிறந்த தேதி 19-9-2002 என ஏற்கப்பட்டு, அவர் முதலிடத்தில் வைக்கப்படுகிறார். ஷாலினியின் சான்றிதழை உறையில் போட்டு, உறையைத் தாரணியிடம் தராமல், தாயாருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒருவர் மேலே சேர்ந்ததால் மற்றவர்கள் ஒவ்வோரிடம் இறங்கினர். நாற்பதாமிடம் ஈரோட்டு வீரர், 61.50. நாற்பத்தொன்று ஹக்கீம், 61.25.

அனுப்பிய பின் அரங்கத்துக்குச் சென்றேன். காரணம், மூக்குக்கண்ணாடிக் கூட்டை அங்கே மறந்திருந்தேன். கூடு மேசைமேல் இருந்தது. எண் 14 நாற்காலியில் இருந்தார். முப்பத்தேழு ஆண்டு, ஏழு மாதம், பத்து நாள்.

ஆடுகளம் காலி. ஆட்டம் நின்றிருக்கிறது என்றே அதைக் கொள்ளலாம். பதிவாளர் இருக்கையில் அமர்ந்து, ஒலிப்பானை அழுத்தினேன். அரங்கம் முழுவதும் கேட்டது. அவரை நோக்கி, "போகலாம்" என்றேன். அப்படிச் சொல்லும் வழக்கம் பதிவாளருக்குக் கிடையாது.

காவலாளிதான் ஓடி வந்தார். "என்னங்கய்யா ஆச்சு? ஏதாச்சும் வேணுங்களா?"

எண் 14 எழுந்திருக்கவில்லை. ஆடுகளத்தையும் பார்க்கவில்லை. முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

20-7-2024, சனிக்கிழமை

சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றினேன். இரு முறை மாற்றினேன்.

21-7-2024, ஞாயிற்றுக்கிழமை

வீரர் தெரிவு ஒரு திருமண மண்டபத்தில் நடைபெற்றது. காலை 10.30 என்று அறிவித்து 11.05க்குத் தொடங்கினார்கள். முதல் அணி முதல் பெயராக ஜெபசீலனை எடுத்தது. கைதட்டல். ரூத்மேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அவர் அப்படி அழுததைப் பார்த்தபோது, செய்தது சரி என்றே எனக்குத் தோன்றியது. பத்து நிமிடம்வரை தோன்றியது.

உணவு வேளையில் ஜெபசீலன் என்னைத் தேடி வந்தார். புது அணியின் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"சார், அம்மா அந்தக் கவர்ல தங்கச்சி சர்டிபிகேட்டையும் சேத்து வெச்சிருச்சு. நீங்க... பாத்தீங்களா?"

"எனக்கு ஒரு கண் சரியாகத் தெரியாதப்பா" என்றேன்.

தலையாட்டினார். நன்றி சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் போய்விட்டார். நெடுநாள் ஆடுவார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் யாராவது தங்கையைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சிக்கொண்டே ஆடுவார். அதையும் நான்தான் பட்டியலில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

22-7-2024, திங்கட்கிழமை

காலை 8.45க்குத் தொலைபேசி.

"சார், ஹக்கீம் பேசறேனுங்க. உக்கடம். காலங்காத்தால தொந்தரவு பண்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"கால் மார்க்குல போச்சுன்னு தாரணி மேடம் சொன்னாங்க. எதுலங்க சார் கொறஞ்சுது?"

அவரே தொடர்ந்தார்.

"மறுக்கா பாக்கச் சொல்லிக் கேக்கலீங்க. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், அது தெரியும். எங்க ஏரியாவுல சாயங்காலம் பொடிசுங்க பத்துப் பதினஞ்சு பேத்துக்கு நாந்தான் ஆட்டம் சொல்லித் தர்றேன். எங்கிட்ட என்ன தப்போ அதத்தானே அதுகளும் கத்துக்கும்? அதான் கேக்கறேன். எதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதுங்க."

மங்கை வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதை மனத்துக்குள் அமைத்தும் பார்த்தேன். எழுவாய் சரியாக வந்தது. அது நான்.

"இடக்கை" என்றேன். "இடக்கையில் பந்துக் கட்டுப்பாடு போதாது."

"இடக்கைங்களா?"

"ஆம்."

மறுமுனையில் சிரித்தார். "நான் அதத்தாங்க சார் நல்லாருக்குன்னு நெனச்சுட்டுத் திரிஞ்சேன். பாருங்க, வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத்தான் தெரியுது. இன்னிக்கே பசங்களுக்கு மாத்திச் சொல்லித் தந்துர்றேன். ரொம்ப தேங்ஸுங்க சார். யாரும் இப்படிச் சொல்லித் தர மாட்டாங்க."

வைத்துவிட்டார்.

முகாம் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் 41. "ஹக்கீம், உக்கடம். இடக்கை: பத்துக்குப் பத்து. தொண்ணூற்றாறு பேரில் இவர் ஒருவரே." கையெழுத்து என்னுடையது. தேதியும் சரியாக இருந்தது.